லேப்டாப் விலாவில் ஒரு துளை! எதற்கென்று தெரியுமா?

பாங்கியில் சலான் எழுத மேஜை மேல் ஒரு பேனா கிடக்கும். ஐந்து ரூபாய் பேனா. அதன் கழுத்தில் ஒரு சணல் கயிறு. கயிற்றின் மறுமுனை மேஜைக் காலில்!

கோடைக் காலத்துத் தண்ணீர்ப் பந்தலுக்குப் போனால் எவர்சில்வர் டம்ளருக்குச் சங்கிலி. ராத்திரி ரெயிலில் ஊருக்குப் போகிறவர் பெர்த்துக்கு அடியில் குனிந்து, அங்கே இருக்கும் இரும்பு வளையத்தில் சூட்கேசைச் சங்கிலியால் பிணைக்கிறார். பூட்டுகிறார். இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறார். அப்புறம்தான் படுக்கிறார்.

பேனாவையும் டம்ளரையும் கூடக் கட்டிப் போடுகிற ஊர் இது. ஆனால் மாதத் தவணையில் 40 ஆயிரம், 50 ஆயிரம் கொடுத்து வாங்கிய லேப்டாப் மட்டும் ஆபீஸ் மேஜையிலும், மேன்ஷன் கட்டிலிலும், கடைக் கல்லாப்பெட்டி மேலும் அம்போ என்று கிடக்கிறது. திருடன் வந்தால் துண்டை உதறி எடுப்பது போல் எடுத்துக்கொண்டு போகலாம்.

இத்தனைக்கும், அதைக் கட்டிப் போட வழி இல்லாமல் இல்லை. செய்த கம்பெனிக்காரனே வழி வைத்துத்தான் விற்றிருக்கிறான்!

நெல்மணி நுழையும் துளை

லேப்டாப் வைத்திருப்பவர்கள் அதன் இடது, வலது விலாவைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சார்ஜர் சொருகும் இடம், பென் டிரைவ் சொருகும் இடம், இவற்றோடு ஓரமாக ஒரு சின்னத் துளை இருக்கும். 3 மி.மீ. அகலம், 7 மி.மீ. நீளம். ஒரு நெல்மணி நுழையும் அளவுதான். பல மாடல்களில் பக்கத்திலேயே பூட்டுப் படம் ஒன்று பொடியாகப் போட்டிருக்கும்.

'இது என்ன?' என்று பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். ஒருவர், 'காத்து போறதுக்கு விட்டிருக்கான் சார்' என்பார்.

காற்றுக்கு அல்ல. பூட்டுக்கு!

அமெரிக்காவின் கென்சிங்டன் கம்பெனி 1992-ம் ஆண்டில் கொண்டு வந்த ஏற்பாடு இது. அதனால் 'கென்சிங்டன் துளை' என்றே பெயர். பிற்பாடு உலகத்தில் உள்ள கம்ப்யூட்டர் கம்பெனிகள் அநேகமாக எல்லாமே இந்தத் துளையைத் தங்கள் மெஷின்களில் வைத்தன. லேப்டாப் மட்டும் அல்ல. டி.வி. மாதிரி இருக்கும் மானிட்டர், புரொஜெக்டர் ஆகியவற்றின் முதுகிலும் இந்தத் துளையைப் பார்க்கலாம்.

இதற்கான பூட்டு ஒரு நீளமான இரும்புக் கேபிள். சைக்கிளுக்குப் போடும் கேபிள் பூட்டின் தம்பி என்று சொன்னால் புரியும். மெல்லிய இரும்புக் கம்பிகளை முறுக்கி, மேலே பிளாஸ்டிக் உறை போட்டிருப்பார்கள். ஒரு முனையில் சுருக்கு மாதிரி வளையம். மறுமுனையில் கட்டை விரல் பருமனுக்கு ஒரு பூட்டு. பூட்டின் மூக்கில் சுத்தியல் தலை போல ஒரு சின்ன இரும்பு நாக்கு துருத்திக்கொண்டு இருக்கும்.

முதலில் கேபிளை மேஜைச் சட்டத்தையோ ஜன்னல் கம்பியையோ சுற்றிக் கொண்டு வந்து, வளையத்துக்குள் பூட்டை நுழைத்து இழுக்க வேண்டும். பிறகு பூட்டின் நாக்கைத் துளைக்குள் விட்டு, சாவியைத் திருப்ப வேண்டும். உள்ளே போன நாக்கு கால் வட்டம் திரும்பிக் குறுக்காக நின்றுகொள்ளும். நேராகப் போன எலும்பு தொண்டையில் குறுக்கே மாட்டிக்கொண்டால் எப்படியோ அப்படி! அதன் பிறகு சாவி இல்லாமல் உருவ முடியாது.

வேலை அவ்வளவுதான். பத்து வினாடி ஆகாது. சாதாரணப் பூட்டு சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. பேர் பெற்ற கம்பெனிப் பூட்டு என்றால் ஆயிரத்துக்கு மேல் ஆகும்.

விடியற்காலை விருந்தாளி

லேப்டாப் திருடன் என்றதும் முகமூடியும் கடப்பாரையுமாக ஒரு ஆசாமியைக் கற்பனை செய்ய வேண்டாம். இவன் பாண்ட், சட்டை போட்டவன். தலை வாரியவன். தோளில் ஒரு பை.

திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் ஆகட்டும், வேளச்சேரி, தரமணி, பெருங்குடி பக்கம் பையன்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கும் வீடுகள் ஆகட்டும், இவனுடைய நேரம் விடியற்காலை 5 மணியில் இருந்து 8 மணிக்குள். ராத்திரி ஷிப்டு முடித்து வந்தவர் அசந்து தூங்குவார். இன்னொருவர் குளிக்கப் போயிருப்பார். மூன்றாமவர் டீ குடிக்கக் கீழே இறங்கியிருப்பார். புழுக்கத்துக்காகக் கதவு ஒருக்களித்துத் திறந்து கிடக்கும்.

ஆசாமி நைசாகப் படியேறுகிறான். ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டே போகிறான். யாராவது எதிரே வந்து விட்டால் பதில் தயாராக இருக்கிறது.

'அண்ணே, இங்கே ரூம் ஏதாச்சும் காலியா இருக்கா?'

இல்லாவிட்டால், 'குமார்னு ஒருத்தர்... மதுரைக்காரர்... ரூம் இதுதானே?'

குமார் இல்லாத மேன்ஷன் எங்கே இருக்கிறது? 'மேலே மூணாவது மாடி' என்று வழி வேறு சொல்லி அனுப்புகிறார்கள்!

யாரும் பார்க்கவில்லை என்றால் உள்ளே ஒரு எட்டு. தலைமாட்டில் இருக்கும் செல்போன், நாற்காலி மேல் இருக்கும் லேப்டாப். இரண்டும் பைக்குள். அரை நிமிடம்கூட ஆகாது. பல நேரம் லேப்டாப் அதன் சொந்தப் பையிலேயே தயாராக இருக்கிறது. அதையே தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினால், ஆபீசுக்குப் புறப்பட்ட பையன் மாதிரியே இருக்கிறான். வாட்ச்மேன் எழுந்து நின்று வழி விட்டாலும் ஆச்சரியம் இல்லை.

இந்த அரை நிமிடத் திருட்டில் திருடனுக்கு மூலதனம் என்ன? சத்தம் வராதது. நின்று வேலை பார்க்கத் தேவை இல்லாதது. இரண்டையும் கெடுப்பதுதான் கேபிள் பூட்டு. லேப்டாப்பைத் தூக்கினால் கூடவே கட்டிலும் வருகிறது என்றால், ஆசாமி பக்கத்து அறையைப் பார்க்கப் போய்விடுவான்.

(பக்கத்து அறைக்காரரும் பூட்டு வாங்க வேண்டும் என்பது வேறு விஷயம்.)

போனுக்கு நம்பர் உண்டு, லேப்டாப்புக்கு?

'போனால் போகட்டும், போலீசில் புகார் கொடுத்தால் கண்டுபிடித்துத் தர மாட்டார்களா?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அங்கேதான் லேப்டாப்புக்கும் செல்போனுக்கும் பெரிய வித்தியாசம்.

ஒவ்வொரு செல்போனுக்கும் 15 இலக்க அடையாள நம்பர் உண்டு. ஸ்டார், ஹாஷ், 06, ஹாஷ் என்று தட்டினால் திரையில் வரும். போன் களவு போனால் போலீசில் புகார் செய்துவிட்டு, மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' மூலம் அந்த நம்பரையே முடக்கச் சொல்லலாம். 2023-ம் ஆண்டு மே மாதத்தில் இருந்து நாடு முழுவதும் இந்த வசதி இருக்கிறது. திருடியவன் புது சிம் போட்டாலும் போன் வேலை செய்யாது. போட்ட சிம் எது என்ற தகவலும் போய்ச் சேரும். அப்படி மீட்ட போன்களைப் போலீஸ் அதிகாரிகள் மேஜையில் அடுக்கி, உரியவர்களை அழைத்துக் கொடுப்பதைப் பத்திரிகைப் படங்களில் பார்த்திருப்பீர்கள்.

லேப்டாப்புக்கு அந்த மாதிரி ஏற்பாடு கிடையாது. சாதாரண லேப்டாப்பில் சிம் கார்டே இல்லை. அடிப்பக்கத்தில் சீரியல் நம்பர் ஒட்டியிருக்கும், வாஸ்தவம். ஆனால் அந்த நம்பரை எந்த டவரும் கவனித்துக்கொண்டு இருப்பதில்லை. உள்ளே இருப்பதை அழித்துப் புதுசாக விண்டோஸ் ஏற்றிவிட்டால், நேற்று வரை யாருடைய மெஷின் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மெஷின் இருக்கும் இடத்தைக் காட்டும் வசதி விண்டோசில் இருக்கிறது என்றாலும், முன்கூட்டியே அதை ஆன் செய்து வைத்திருக்க வேண்டும்; மெஷின் இன்டர்நெட்டுக்கும் வர வேண்டும். பலரும் அதை ஆன் செய்வதே இல்லை.

ஆகவே, போன் திரும்பி வர ஒரு பாதையாவது இருக்கிறது. லேப்டாப் வாசல்படி தாண்டினால் தாண்டியதுதான். படி தாண்டாமல் பார்த்துக்கொள்வது ஒன்றே வழி.

போகிற மெஷினின் விலையை மட்டும் கணக்குப் பார்ப்பதும் தப்பு. எம்.இ. படிக்கும் பெண்ணின் இரண்டு வருட புராஜெக்ட் அதில் இருக்கும். கல்யாண போட்டோக்கள் இருக்கும். ஆடிட்டர் ஆபீஸ் குமாஸ்தாவின் மெஷினாக இருந்தால் நாற்பது கட்சிக்காரர்களின் ஜி.எஸ்.டி. கணக்கு இருக்கும். கம்பெனி கொடுத்த மெஷின் என்றால், 'எப்.ஐ.ஆர். காப்பி எங்கே, பூட்டி வைத்திருந்தீர்களா?' என்று விசாரணை வேறு. பிஞ்சு மாதச் சம்பளத்தில் பிடித்தம் செய்து விடுவார்களோ என்று வேலைக்குச் சேர்ந்த பையன் தூக்கம் இல்லாமல் தவிக்கிறான். திருடனுக்குக் கிடைப்பதோ அடிமாட்டு விலை!

பேனா திறந்த பூட்டு

இந்தப் பூட்டு அசைக்க முடியாத பூட்டா? இல்லவே இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

2004-ம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் ஒரு களேபரம். கிரிப்டோனைட் என்ற பிரபல கம்பெனியின் சைக்கிள் பூட்டை, சாதாரண பால்பாயிண்ட் பேனாவின் பிளாஸ்டிக் குழாயைச் சொருகித் திருகியே திறந்து காட்டிவிட்டார்கள்! சாவி, குழாய் மாதிரி வட்டமாக இருக்கும் ரகம் அது. பேனாவின் உடம்பும் வட்டம்தானே? உள்ளே சொருகி அழுத்தினால் பூட்டின் ஊசிகள் அந்தப் பிளாஸ்டிக்கிலேயே பள்ளம் பதித்துக்கொண்டன. மாற்றுச் சாவி ரெடி! கம்பெனி லட்சக்கணக்கான பூட்டுகளை மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அந்தக் காலத்து லேப்டாப் பூட்டுகளில் பலவும் அதே வட்டச் சாவி ரகம். அவற்றில் சிலவற்றை வெறும் அட்டையைக் குழாயாகச் சுருட்டியே திறந்து காட்டினார்கள், பூட்டுகளைத் திறப்பதையே பொழுதுபோக்காக வைத்திருக்கும் நெதர்லாந்து நாட்டுக்காரர்கள்.

நம்பர் பூட்டு என்றால் வேறு கதை. நாலு சக்கரம். 0000-ல் இருந்து 9999 வரை மொத்தம் 10 ஆயிரம் நம்பர். கேட்கப் பெரிசாக இருக்கிறது. ஆனால் கடையில் இருந்து வரும்போது பெரும்பாலும் 0000 என்று வைத்துத்தான் வரும். அதை மாற்றாமலே பூட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள் பலர். மாற்றுகிறவர்கள் 1234 என்று மாற்றுகிறார்கள்! மட்டமான நம்பர் பூட்டுகளில், கேபிளை இழுத்துப் பிடித்தபடி சக்கரத்தை மெல்லத் திருப்பினால் சரியான நம்பர் வரும் இடத்தில் விரலுக்குத் தட்டுப்படும் என்ற பலவீனமும் உண்டு.

இதெல்லாம் எதற்கு? ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கம்பி கட்டர் ஒன்று கையில் இருந்தால் கேபிளையே நறுக்கிவிட முடியும். முரட்டுத்தனமாகப் பிடுங்கினால் துளையின் ஓரத்தில் பிளாஸ்டிக் உடைந்து பூட்டு வெளியே வந்துவிடும்.

அப்படியானால் பூட்டு வீண்தானா? அப்படிச் சொல்வதற்கு இல்லை. கட்டர் வைத்துக்கொண்டு வருகிறவன் திட்டம் போட்டு வருகிறவன். அவனுக்குக் கேபிள் போதாது. இரும்பு அலமாரி வேண்டும். ஆனால் மேன்ஷனிலும், ஆபீசிலும், கல்லூரி லைப்ரரியிலும் கைவரிசை காட்டுவது பெரும்பாலும் சந்தர்ப்பம் பார்த்து வருகிற ஆசாமி. அவனுக்கு ஒரு கேபிள் போதும். போதாக்குறைக்குப் பிடுங்கி எடுத்த மெஷினின் விலாவில் உடைந்த காயம் தெரியும். அதைப் பார்த்தால் வாங்குகிறவன் யோசிப்பான்.

மேஜையைத் தூக்கினால் போச்சு!

பூட்டு வாங்கியும் கோட்டை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். எப்படி?

கேபிளை மேஜைக் காலில் கட்டுகிறார்கள். மேஜையை ஒரு சாண் உயரம் தூக்கினால் கேபிள் காலின் வழியாகக் கீழே உருவி வந்துவிடும். ஒரு கையால் தூக்கி, மறு கையால் உருவிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம். சக்கர நாற்காலியின் கையில் கட்டி வைத்த புத்திசாலிகளும் உண்டு. லேப்டாப்பை நாற்காலியோடு லிப்டில் தள்ளிக்கொண்டே போகலாம்!

கட்டினால் நாலு பக்கமும் மூடிய சட்டத்தில் கட்ட வேண்டும். இரண்டு கால்களையும் இணைக்கும் குறுக்குக் கம்பி, ஜன்னல் கிராதி, இரும்புக் கட்டிலின் தலைமாட்டுச் சட்டம், இப்படி. ஜன்னல் கிராதி என்றால் தெருப் பக்கத்து ஜன்னல் கூடாது. எதுவும் அகப்படவில்லை என்றால் மேஜையில் திருகாணி போட்டு முடுக்கும் இரும்புக் கொக்கி தனியாகக் கிடைக்கிறது.

சாவி விஷயத்துக்கு வந்தால் நம்ம ஆட்களைச் சொல்லவே வேண்டாம். இரண்டு சாவி கொடுப்பான். ஒன்றை மேஜை டிராயரிலேயே போட்டு வைப்பார்கள். டிராயருக்குப் பூட்டு கிடையாது. இரண்டையும் ஒரே வளையத்தில் மாட்டித் தொலைத்துவிட்டு, தன் லேப்டாப்பையே தான் எடுக்க முடியாமல் திருதிருவென்று விழிப்பவர்களும் உண்டு. பத்து, இருபது மெஷின் உள்ள ஆபீசுக்கு எல்லாவற்றையும் திறக்கும் ஒரே மாஸ்டர் சாவியோடு செட்டாகவும் பூட்டு விற்கிறார்கள். சாவி மேனேஜரிடம் இருக்கும்.

இன்னொரு சிக்கல் புதுசாக முளைத்திருக்கிறது. மெஷின் மெலிய மெலியத் துளை காணாமல் போகிறது! ஆப்பிள் கம்பெனி 2008-ல் கொண்டு வந்த மெல்லிய மேக்புக் ஏர் மெஷினில் இந்தத் துளை இல்லை. 2012-ல் வந்த ரெட்டினா மேக்புக் புரோவிலும் இல்லை. ஆக விலை கூடிய மெஷினுக்குத்தான் பூட்ட இடம் கிடையாது! மற்ற கம்பெனிகள் சில மாடல்களில் துளையை 2.5-க்கு 6 மி.மீ. என்று சுருக்கி 'நேனோ' துளை ஆக்கியிருக்கின்றன. டெல் கம்பெனியின் ஆபீஸ் மாடல்கள் பலவற்றில் ஆப்பு வடிவத்தில் வேறு மாதிரி துளை. ஒரு துளைக்கான பூட்டு மற்றதில் சேராது. கடைக்குப் போகும்போது மெஷினையே கையில் கொண்டு போய்ச் சொருகிப் பார்த்து வாங்குவது உத்தமம். துளையே இல்லாத மெஷினுக்கு, முதுகில் பசை போட்டு ஒட்டும் தகடு விற்கிறது. ஒட்டினால் அழகு போய்விடும். மெஷின் நிற்கும்.

தாத்தா பேரேடு, பேரன் கம்ப்யூட்டர்

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தாத்தா காலத்தில் ராத்திரி கடை கட்டும்போது பேரேட்டை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவார்கள். கல்லாவில் இருக்கும் ரொக்கத்தை விடப் பேரேடு முக்கியம். யார் யார் எவ்வளவு பாக்கி என்பது அதில்தானே இருக்கிறது! இன்றைக்கு அதே பாக்கிக் கணக்கு தெருவைப் பார்த்த பில் போடும் கம்ப்யூட்டரில் இருக்கிறது. கல்லாவைப் பூட்டி எடுத்துக்கொண்டு போகிறார் பேரன். கம்ப்யூட்டர் அங்கேயே!

ஆபீஸ் ரக கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தால், பலவற்றில் அரை வட்டமாக ஒரு சின்ன இரும்பு வளையம் நீட்டிக்கொண்டு இருக்கும். இதுவும் அந்தத் துளை மாதிரிதான். இருக்கிறது, யாருக்கும் தெரியாது. அதில் ஒரு சாதாரணத் தொங்கு பூட்டைப் போட்டால் பெட்டியின் மூடியைத் திறக்க முடியாது. பூட்டோடு ஒரு கேபிளையும் கோத்துவிட்டால் பெட்டியையே தூக்க முடியாது. மூடியைப் பூட்டுவது எதற்கு என்றால், பெட்டியை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் 'ராம்' அட்டையை மட்டும் உருவிக்கொண்டு போகும் கில்லாடிகளும் இருக்கிறார்கள். சட்டைப் பையில் அடங்கிவிடும் சாமான் அது. மறுநாள் கம்ப்யூட்டர் ஆமை வேகத்தில் ஓடினால், 'வைரஸ் போல இருக்கு' என்று நினைத்துக்கொள்வார்கள்!

கம்ப்யூட்டருக்குப் பூட்டு என்பது புதுசும் இல்லை. 1984-ல் ஐ.பி.எம். கம்பெனி கொண்டு வந்த பி.சி. ஏ.டி. கம்ப்யூட்டரில் முகப்பிலேயே சாவித் துவாரம் இருந்தது. பூட்டினால் கீ போர்டு வேலை செய்யாது. மேல் மூடியையும் கழற்ற முடியாது. காலப்போக்கில் அந்தச் சாவி மறைந்துவிட்டது. பாஸ்வேர்டு வந்த பிறகு சாவி எதற்கு என்று நினைத்திருக்கலாம். ஆனால் பாஸ்வேர்டு உள்ளே இருப்பதைத்தான் காக்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவனை என்ன செய்யும்?

பள்ளிக்கூடத்து அறை

எல்லாவற்றிலும் மனதுக்குச் சங்கடமானது அரசுப் பள்ளிக்கூடக் கதை.

தமிழ்நாட்டில் அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. லாரியில் வந்து இறங்கும் லேப்டாப் பெட்டிகள், கொடுக்கும் நாள் வரை ஒரு வகுப்பறையில்தான் கிடக்கும். நூறு, இருநூறு பெட்டிகள் ஒரே அறையில். சாயங்காலம் மணி அடித்தால் பள்ளிக்கூடம் காலி. இரவுக் காவலாளி இல்லாத பள்ளிக்கூடங்கள் ஏராளம். 'லேப்டாப் வந்திருக்குடா' என்ற செய்தி மட்டும் ஊர் முழுக்கத் தெரியும்.

விளைவு என்ன? கதவை உடைத்து லேப்டாப் கொள்ளை என்ற செய்தி பல மாவட்டங்களில் இருந்தும் வந்தது. காலையில் பள்ளிக்கூடத்தைத் திறக்க வந்தவர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். கொடுமை அதோடு நிற்கவில்லை. களவு போன மெஷின்களுக்குத் தலைமை ஆசிரியரே பணம் கட்ட வேண்டும் என்று கேட்டு, விவகாரம் ஐகோர்ட்டு வரை போனதும் உண்டு. முப்பது வருடம் பாடம் நடத்தி, ரிட்டயர் ஆகும் நேரத்தில் திருடன் செய்த வேலைக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய நிலை!

இங்கே கேபிள் பூட்டு பேசிப் பயன் இல்லை. அட்டைப் பெட்டிக்குள் இருக்கும் இருநூறு மெஷினை எதில் கட்டுவது? இங்கே விஷயம் கதவு. கதவில் கூட, பூட்டை விட நாதாங்கி. பூட்டுக்குப் பேர் போன ஊர் திண்டுக்கல். அங்கே கையால் செய்யும் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அப்படிப்பட்ட பூட்டையே கொண்டு வந்து தொங்கவிட்டாலும், அது மாட்டியிருக்கும் நாதாங்கி இரண்டு துருப்பிடித்த திருகாணியில் நின்றால் என்ன பிரயோஜனம்? கடப்பாரையை விட்டு ஒரு நெம்பு. பூட்டு பூட்டியபடியே இருக்கும். நாதாங்கி கையோடு வந்துவிடும்! மரக்கதவில் திருகாணிக்குப் பதில் கதவை ஊடுருவிப் போகும் போல்ட்டைப் போட்டு, உள்பக்கம் நட்டை முடுக்க வேண்டும். செலவு ஒரு வேளை டிபன் காசு.

2025-ல் தமிழக அரசு, 20 லட்சம் கல்லூரி மாணவ-மாணவிகளுக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் கொடுப்பதாகப் பட்ஜெட்டில் அறிவித்து 2 ஆயிரம் கோடி ரூபாய் ஒதுக்கியது. மெஷின் கொடுக்கும்போதே கூட ஒரு கேபிளும் கொடுத்தால் என்ன? ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு அது பெரிய உதவி. ஹாஸ்டல் அறைக் கட்டிலில் இரும்புச் சட்டத்துக்குப் பஞ்சம் இல்லை.

'சார், உங்க பணம் விழுந்திருக்கு!'

கேபிள் உதவாத இடமும் உண்டு. முதலாவது, கார்.

சிக்னலிலோ பாங்கி வாசலிலோ கார் நிற்கிறது. பின் சீட்டில் லேப்டாப் பை. ஒரு ஆசாமி கண்ணாடியைத் தட்டி, 'சார், உங்க பணம் கீழே விழுந்திருக்கு' என்கிறான். எட்டிப் பார்த்தால் பத்து ரூபாய் நோட்டுகள் சிதறிக் கிடக்கின்றன. கதவைத் திறந்து, குனிந்து பொறுக்குவதற்குள் மறுபக்கக் கதவு வழியாகப் பை அபேஸ்! அறுபது ரூபாய் முதலீட்டில் அறுபதாயிரம். 'என்ஜின்ல ஆயில் ஒழுகுது' என்பது இதே நாடகத்தின் இன்னொரு காட்சி. ஆள் இல்லாத கார் என்றால் கண்ணாடியை உடைத்தே எடுத்துவிடுகிறார்கள்.

இதற்கு மருந்து டிக்கி. ஆனால் கடற்கரையில் கொண்டு வந்து காரை நிறுத்திய பிறகு, எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி பையைத் தூக்கி டிக்கியில் வைத்துவிட்டு சுண்டல் வாங்கப் போகக் கூடாது. புறப்படும் இடத்திலேயே டிக்கியில் வைத்துவிட வேண்டும்.

மின்சார ரெயிலில் வருகிறவர்கள் பையை மேலே பலகையில் வைத்துவிட்டுத் தூங்குகிறார்கள். தாம்பரத்தில் ஏறியவர் பீச்சில் கண் விழித்தால் பை கிண்டியிலேயே இறங்கிப் போயிருக்கும். மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தானே மடிக்கணினி என்று தமிழில் பெயர் வைத்தார்கள்!

சார்ஜர் எங்கேப்பா?

களவு போய்விட்டால் போலீஸ் நிலையத்தில் கேட்கும் முதல் கேள்வி, 'சீரியல் நம்பர் என்ன?' அது ஒட்டியிருப்பது மெஷினின் அடிப்பக்கத்தில். மெஷினோ திருடனிடம்! இன்றைக்கே லேப்டாப்பைத் திருப்பிப் போட்டு, அந்த ஸ்டிக்கரைச் செல்போனில் படம் எடுத்து வைத்துவிடுங்கள். பில்லையும் சேர்த்துப் படம் எடுத்து வைத்தால் அலைச்சல் மிச்சம்.

திருட்டு மெஷின் கடைசியில் எங்கே போகிறது? யாரோ ஒருவர் பாதி விலைக்கு, பில் இல்லாமல் வாங்குகிறார். பழைய லேப்டாப் வியாபாரத்தில் நாணயமாகத் தொழில் செய்கிறவர்கள்தான் அதிகம். ஆனாலும் ரிச்சி தெருப் பக்கம் மலிவு விலைக்கு அலைகிறவர்கள், கடைக்குள் போகாமல் நடைபாதையிலேயே 'ஐபோன், லேப்டாப் வேணுமா சார்?' என்று காதில் கிசுகிசுக்கும் ஆசாமிகளிடம் உஷாராக இருக்க வேண்டும். விலாவில் அந்தத் துளையின் ஓரம் பிய்ந்து இருக்கிறதா என்று பார்க்கலாம். அடியில் இருக்கும் சீரியல் நம்பர் சுரண்டப்பட்டு இருக்கிறதா என்று பார்க்கலாம். பல மெஷின்களில் ஆன் செய்யும்போது உள்ளே போய்ப் பார்த்தால் சீரியல் நம்பர் திரையிலும் வரும்; அதுவும் ஸ்டிக்கரில் இருப்பதும் ஒன்றா என்று பார்க்கலாம். எல்லாவற்றையும் விடச் சுலபமான கேள்வி ஒன்று உண்டு. 'சார்ஜர் எங்கேப்பா?' விடியற்காலை அரை நிமிடத்தில் தூக்குகிறவன், சுவரில் சொருகிய சார்ஜரைக் கழற்ற நிற்பதில்லை.

வீட்டுக்குள் புகுந்து திருடினால், முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 380-வது பிரிவு. 2024 ஜூலை 1-ந் தேதி முதல் பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 305-வது பிரிவு. ஏழு ஆண்டு வரை ஜெயில். திருட்டுச் சாமான் என்று தெரிந்தே வாங்கினாலும் தப்ப முடியாது; அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினாலும் தப்ப முடியாது. அதற்கு 317-வது பிரிவு இருக்கிறது. மூன்று ஆண்டு வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும். வாங்கிய மெஷினையும் போலீசார் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.